ஏலாது என்ற சொல்

“விட்டுட்டான்” என்று முதலில் சொன்னவன் நான்தான்.

2019ஆம் ஆண்டு மே மாதம், நோன்பு தொடங்கி நாலைந்து நாட்கள் இருக்கும். தராவீஹ் முடிந்து வரும் வழியில் மருமகனுடைய கடையில் ஏறினேன். கையடக்கத் தொலைபேசி திருத்தும் சின்னக் கடை. கதவைப் பாதி இழுத்துவிட்டு, மேசையில் திறந்து கிடந்த ஒரு பழைய கணினியில் அவன் குத்துச்சண்டைப் போட்டியொன்றைப் பார்த்துக் கொண்டிருந்தான். நியூயோர்க் மடிசன் ஸ்குவயார் கார்டனில் அமீர் கானும் டெரன்ஸ் குரோஃபர்டும் மோதிய போட்டி. அது நடந்து மூன்று வாரமாகியிருந்தது. அதை அன்றே பார்த்துவிடுவதென்று நாங்கள் இருவரும் ஏற்கனவே பேசி வைத்திருந்தோம். ஆனால் அமெரிக்காவில் ஏப்ரல் 20 சனிக்கிழமை இரவு என்பது எங்களுக்கு ஏப்ரல் 21 ஞாயிறு காலை. அந்த உயிர்த்த ஞாயிறு காலையில் இந்த நாட்டில் என்ன நடந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அன்று யாருக்கும் எந்தப் போட்டியும் நினைவிருக்கவில்லை. சமூக ஊடகங்களும் அன்றே முடக்கப்பட்டு மாத முடிவில்தான் திறந்தன.

ஆறாவது சுற்றில் குரோஃபர்டின் இடது கைக்குத்து ஒன்று இடுப்புக்குக் கீழே விழுந்தது. கான் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி நடந்தார். அப்படி விழும் குத்துக்கு ஐந்து நிமிடம் வரை ஓய்வெடுக்க விதி இடம் கொடுக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தை அவர் எடுக்கவில்லை. பயிற்றுவிப்பாளர் வேர்ஜில் ஹன்ட்டர் அவரிடம் ஏதோ கேட்டார், கான் ஏதோ சொன்னார், போட்டி முடிந்தது. மண்டபம் முழுக்கக் கூச்சல்.

“விட்டுட்டான்” என்றேன். “இவன் பெரிய சண்டைக்குரிய ஆள் இல்லை என்டு நான் பத்து வருஷத்துக்கு முந்தியே எழுதினவன்.”

மருமகன் கணினியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

“மாமா, நீங்க எப்பயாவது கிளவ்ஸ் போட்டிருக்கீங்களா?”

“ஸ்கூல்ல போட்டிருக்கேன்” என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

*

எங்கள் வீட்டில் குத்துச்சண்டை என்றால் முஹம்மத் அலி. வேறு ஆட்கள் எல்லாரும் அலியிடம் தோற்பதற்காகப் பிறந்தவர்கள். வாப்பாவின் கடையில் அரிசி மூட்டைகளுக்கு மேலே, பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய அலியின் படம் மஞ்சளாகிப் போய்ப் பல வருடம் கிடந்தது. 1975 ஒக்டோபர் முதலாம் திகதி மணிலாவில் அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதியபோது எங்களுக்கு நோன்பு மாதம். நோன்போடு வாப்பா வானொலிப் பெட்டியின் பக்கத்திலேயே இருந்தார். பதினான்காவது சுற்று முடிந்து ஃபிரேசியரால் எழும்ப முடியவில்லை என்ற செய்தி வந்ததும் கடையிலிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

உண்மையில் ஃபிரேசியர் எழும்பத்தான் பார்த்தார். கண் மூடி வீங்கிய நிலையிலும் பதினைந்தாவது சுற்றுக்குப் போகவே நின்றார். அவரை இருத்தியவர் பயிற்றுவிப்பாளர் எடி ஃபட்ச். இதை வாசித்து அறிய எனக்கு இன்னும் பல வருடங்கள் எடுத்தன.

வாப்பாவிடம் ஓர் அளவுகோல் இருந்தது. “குந்தினவன் தோத்தவன், எழும்பினவன் வென்டவன்.” இதற்கு அவர் எப்போதும் காட்டுகிற அத்தாட்சி 1964 பெப்ரவரி 25, மியாமி பீச். ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது சொனி லிஸ்டன் தன் மூலையில் முக்காலியிலேயே குந்திக்கொண்டார். தோளில் காயம் என்றார்கள். உலகமே பயந்த ஒரு மனிதன் குந்திக்கொண்டான், இருபத்திரண்டு வயதுப் பையன் மேடை நடுவில் ஆடிக்கொண்டு நின்றான். மறுநாள் அந்தப் பையன் தான் எந்த மார்க்கத்தில் இருக்கிறேன் என்பதைப் பகிரங்கப்படுத்தினான். இந்தக் கதையை வாப்பா பத்ர் யுத்தத்தைச் சொல்கிற குரலில்தான் சொல்வார்.

அதே இரவின் மற்றப் பக்கம் வாப்பாவுக்குத் தெரியாது. நான்காவது சுற்று முடிந்து மூலைக்கு வந்தபோது அந்தப் பையனுடைய கண்கள் எரிந்தன. எதிராளியின் காயத்துக்கோ தோளுக்கோ பூசிய மருந்து கையுறை வழியாகக் கண்ணுக்குள் போயிருக்கலாம் என்பார்கள். பார்வை தெரியவில்லை. கையுறைகளை வெட்டிவிடுங்கள் என்று அவர் தன் பயிற்றுவிப்பாளர் ஆஞ்சலோ டண்டீயிடம் கத்தினார். டண்டீ கேட்கவில்லை. பஞ்சால் கண்ணைக் கழுவினார், மணி அடித்ததும் முதுகில் கைவைத்து மேடைக்குத் தள்ளிவிட்டார். ஐந்தாவது சுற்று முழுக்க அவர் கண் தெரியாமல் ஓடித் தப்பினார். பிறகு பார்வை வந்தது, லிஸ்டன் குந்தினார்.

டண்டீ அன்று கையுறையை வெட்டியிருந்தால் காசியஸ் கிளேயைப் பற்றி நாங்கள் என்ன சொல்லியிருப்போம்? வாய்ச்சவடால்காரன், பெரிய சண்டைக்குரிய நெஞ்சு இல்லாதவன். அதைத் தவிர வேறொன்றும் சொல்லியிருக்க மாட்டோம். வாப்பாவின் கடையில் அந்தப் படமும் ஒட்டப்பட்டிருக்காது.

*

நான் எழுதியது 2008இல். பத்திரிகையொன்றின் வார இதழில் அரைப்பக்கம். அந்த வருடம் செப்டம்பர் 6ஆம் திகதி மன்செஸ்டரில், கொலம்பியாவின் பிரெய்டிஸ் பிரெஸ்கொட் என்பவர் அமீர் கானை 54 செக்கன்களில் விழுத்தினார். நாலு வருடத்துக்கு முன்னர் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பதினேழு வயதில் வெள்ளிப் பதக்கம் எடுத்த பையன். அந்த முறை பிரித்தானியாவிலிருந்து போன ஒரே குத்துச்சண்டை வீரர் அவர்தான். பொல்ட்டன் நகரத்துப் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளை, தொழுகையாளி, ஆங்கிலேயர் கொடி பிடித்து ஆரவாரித்த முஸ்லிம். எங்களைப் போன்றவர்கள் அவரில் இன்னோர் அலியைத் தேடினோம். தேடியது கிடைக்காத கோபத்தில்தான் அந்த அரைப்பக்கத்தை எழுதினேன் என்பது இப்போது விளங்குகிறது. “பெரிய மேடைகளுக்குரிய மனத்திண்மை இவரிடம் இல்லை” என்று ஒரு வசனம். எழுதும்போது அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்த வசனத்தில் ஒரு அடிப்படைப் பிழை இருந்தது. தாடையையும் நெஞ்சையும் நான் ஒன்றாக்கியிருந்தேன். ஒரு குத்தில் விழுவதற்கு மனம் காரணமல்ல. தாடையில் விழும் அடி தலையைத் திடீரென்று திருப்புகிறது, மண்டைக்குள் மூளை அசைகிறது, கால்களுக்குப் போகும் கட்டளை அறுந்து போகிறது. இதைத் தாங்கும் பலம் சிலருக்குப் பிறப்பிலேயே இருக்கிறது, சிலருக்கு இல்லை. கழுத்தைப் பலப்படுத்தலாம், தாடையை ஒளிக்கப் பழகலாம், அவ்வளவுதான். விழுவது உடம்பின் விஷயம். விழுந்தவன் பிறகு என்ன செய்கிறான் என்பதில்தான் மனம் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும்.

கான் என்ன செய்தார்? லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய் ஃபிரெடி ரோச்சிடம் சேர்ந்தார். பத்து மாதத்தில், 2009 ஜூலையில், அந்திரி கொட்டெல்னிக்கை வென்று உலகப் பட்டம் எடுத்தார். அதற்கும் நான் மசியவில்லை. கொட்டெல்னிக் பலமாக அடிக்கிறவர் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். ஒரு தீர்ப்பை எழுதி அச்சிலும் பார்த்துவிட்ட மனிதனுக்கு அதைக் காப்பாற்றுவதற்கு நியாயங்கள் எங்கிருந்துதான் வருகின்றனவோ.

பிறகு 2010 டிசம்பர் 11, லாஸ் வெகாஸ். எதிரே ஆர்ஜென்டீனாவின் மார்கோஸ் மைதானா. அவர் பலமாக அடிக்கிறவர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதலாவது சுற்றிலேயே கான் விலாவில் அடித்து அவரை விழுத்தினார். ஆனால் அந்தப் போட்டியை உலகம் நினைவில் வைத்திருப்பது பத்தாவது சுற்றுக்காக. மைதானாவின் வலது கை தலைக்கு மேலால் வளைந்து வந்து விழுந்தது. கானின் கால்கள் தளர்ந்தன. கயிற்றிலிருந்து கயிற்றுக்குப் போனார், கண்ணில் வெளிச்சமில்லை. நடுவர் ஜோ கோர்ட்டெஸ் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு கூடவே சுற்றினார், எந்த நிமிடமும் நிறுத்தலாம் என்பது போல. அந்தச் சுற்றில் கானுக்கு விழ எத்தனையோ வசதிகள் இருந்தன. முழங்காலில் இருந்தால் எண்ணுவார்கள், எழும்பலாம், எழும்பாமலும் விடலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவர் விழவில்லை. பிடித்தார், நகர்ந்தார், இடையில் திருப்பியும் அடித்தார். மூன்று நடுவர்களும் அவருக்கே வெற்றி கொடுத்தார்கள். இருவர் மூன்று புள்ளிகளாலும் ஒருவர் ஒரேயொரு புள்ளியாலும்.

அந்தப் போட்டியை நான் தனியாகப் பார்த்தேன். அரைப்பக்கத்தைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மறுப்பு எழுதவும் இல்லை.

*

பெரிய சண்டைக்குத் தகுதி என்பதை எப்படி அளப்பது? விளையாட்டுப் பத்திரிகைகளில் இது எப்போதும் மனதைப் பற்றிய பேச்சாகவே நடக்கும். பாதி அது வியாபாரத்தைப் பற்றிய பேச்சு. 2016 மே மாதம் சவுல் அல்வாரெஸுடன் மோதக் கான் தன் எடையிலிருந்து இரண்டு படி மேலே ஏறினார். ஐந்து சுற்றுகள் வேகத்தால் அவரைத் தொல்லைப்படுத்தினார். ஆறாவதில் ஒரே வலது கை. அசையாமல் கிடந்தார். அடித்தவரே பக்கத்தில் முழங்காலிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்தப் போட்டிக்கு ஒப்புக்கொண்டது வீரமா, பணமா, தன்னைப் பற்றிய தப்புக்கணக்கா? மூன்றும் இருந்திருக்கும். ஆனால் பயந்தவன் செய்கிற காரியம் அல்ல. அதற்கு முன்னர் 2012இல் டெனி கார்ஸியாவிடம் மூன்று தடவை விழுந்து மூன்று தடவையும் எழும்பினார். நிற்க ஏலாத ஒருவர் எழும்பிக்கொண்டே இருந்தபடியால்தான் நடுவர் நிறுத்தினார்.

நஸீம் ஹமீதை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஷெஃபீல்டின் யெமன் பிள்ளை, கயிற்றுக்கு மேலால் குட்டிக்கரணம் அடித்து மேடைக்கு வருவார். 2001 ஏப்ரலில் மார்கோ அன்டோனியோ பரேரா பன்னிரண்டு சுற்றுகள் அவருக்குப் பாடம் நடத்தினார். அதன்பின் ஒரேயொரு போட்டி, 2002இல். இருபத்தெட்டு வயதில் போய்விட்டார். நெஞ்சில்லை என்று அவரையும் சொன்னோம். புத்தி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

ரொபர்ட்டோ துரான் கதை இதைவிடச் சிக்கலானது. 1980 ஜூனில் மொன்ட்ரியலில் சுகர் ரே லெனார்டை வென்றவர். அதே வருடம் நவம்பரில் நியூ ஓர்லியன்ஸில், எட்டாவது சுற்றில், பலத்த அடி ஒன்றும் விழாமலே கையை அசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். வயிற்றுப் பிடிப்பு என்றார். அவருடைய சொந்த நாடான பனாமாவிலேயே முகம் காட்ட முடியாத நிலை. “இனி வேண்டாம்” என்ற பொருள்படும் அந்த இரண்டு ஸ்பானியச் சொற்கள் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டன. அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் காலம் முழுக்க மறுத்தார். அதே மனிதர்தான் 1983இல் மார்வின் ஹெக்லருடன் பதினைந்து சுற்றுகளும் நின்று மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். 1989இல், முப்பத்தேழு வயதில், தன்னைவிடப் பெரிய உருவமான ஐரன் பார்க்லியை விழுத்திப் பட்டம் எடுத்தார். இவற்றில் எது துரான்? நவம்பர் இரவா, மற்ற இரவுகளா?

மனத்திண்மை என்பது உயரம் போல ஒருவனிடம் நிரந்தரமாக இருக்கும் சாமான் அல்ல என்றே எனக்குப் படுகிறது. ஈமானைப் போல அதுவும் கூடும், குறையும். (ஈமான் கூடுமா குறையுமா என்று இங்கே வாதத்தைத் தொடங்கினால் எங்கள் ஊரில் இன்னொரு பள்ளிவாசல் கட்ட வேண்டி வரும், ஆகவே உவமையோடு நிறுத்துகிறேன்.)

*

என்னுடைய மௌலவி நண்பர் ஒருவருக்கு இந்தப் பேச்சு முழுவதுமே பிடிக்காது. முகத்தில் அடிப்பதைத் தடுத்த மார்க்கத்தில் இருந்துகொண்டு முகத்தில் அடிப்பவனின் தகுதியை அளக்கிறீர்களே என்பார். 1987இல் மக்காவில் கூடிய ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் சபை குத்துச்சண்டை ஆகாது என்று முடிவெடுத்ததையும் எடுத்துக் காட்டுவார். அவரோடு நான் வாதிடுவதில்லை. அவர் பக்கத்து நியாயம் எவ்வளவு கனமானது என்பதை ஒரு போட்டி எனக்குக் காட்டியிருக்கிறது.

1995 பெப்ரவரி 25, லண்டன். அமெரிக்காவின் ஜெரல்ட் மெக்லெலனும் இங்கிலாந்தின் நைஜல் பென்னும். முதல் சுற்றில் மெக்லெலன் பென்னைக் கயிறுகளுக்கு வெளியே விழுத்தினார். பென் திரும்பி ஏறினார். இருவரும் பத்தாவது சுற்று வரை ஒருவரையொருவர் அழித்தார்கள். இடையில் மெக்லெலன் கண்களை அடிக்கடி சிமிட்டத் தொடங்கியிருந்தார். பத்தாவதில் ஒரு முழங்காலில் இருந்தார், எழும்பினார். மறுபடியும் முழங்காலில் இருந்தார். நடுவர் பத்து வரை எண்ணும்வரை அப்படியே இருந்துவிட்டு, எழும்பித் தன் மூலைக்கு நடந்து போனார். சரிந்து விழாமல், மயங்காமல், தானாகவே முழங்காலிட்ட மனிதன். பார்த்துக் கொண்டிருந்த பலருக்கு, வர்ணனை செய்தவர்களுக்கும்கூட, அது கைவிட்ட மாதிரித்தான் தெரிந்தது. சில நிமிடங்களில் அவர் மூலையிலேயே சரிந்தார். மூளையில் இரத்தக் கட்டி. சத்திரசிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். பார்வை திரும்பவேயில்லை. கேட்கும் சக்தியும் பெரும்பகுதி போயிற்று. அதன்பின் அவருடைய வாழ்க்கை சகோதரிகளின் பராமரிப்பில்.

அந்த ஒளிப்பதிவை நான் முதலில் பார்த்தபோது எனக்கு முடிவு தெரியாது. முழங்காலிட்ட அந்த இடத்தில் என் வாயில் வந்த சொல் என்ன என்பது எனக்குத் தெரியும்.

உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களின் சம்பவம் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்குப் புதிதல்ல. உயிருக்குப் பயந்துதான் கலிமா சொன்னான் என்று தீர்மானித்தவரிடம், அவனுடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். 2019 மே மாதத்தில் அந்தச் சம்பவம் குத்பாக்களில் அதிகமாகச் சொல்லப்பட்டது. எங்கள் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதை வெளியிலிருந்து எல்லாரும் தீர்மானித்துக் கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த நாட்களில்தான் நான் மருமகனின் கடையில் இருந்து பொல்ட்டன்காரன் ஒருவனின் உள்ளத்தைத் தீர்மானித்தேன்.

*

இனி நான் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும்.

1976இல் எனக்குப் பதினாறு வயது. பாடசாலைகளுக்கிடையிலான போட்டியொன்றுக்கு எங்களில் ஐந்து பேரைச் சேர் கூட்டிக்கொண்டு போனார். சேர் எங்களுக்குக் கணிதமும் படிப்பித்தார், குத்துச்சண்டையும் பழக்கினார். இரண்டிலும் அதிகம் பேசாத மனிதர். எனக்கு மூன்று சுற்றுப் போட்டி. எதிராளி காலிப் பக்கத்துச் சிங்களப் பையன், நீண்ட கைகள்.

முதல் சுற்றில் அவன் என்னை அதிகமாக அடிக்கவில்லை. நான் அவனைத் தொடவே இல்லை. இரண்டாவது சுற்றில் மூக்கில் ஒன்று விழுந்தது. இரத்தம் வந்தது, பெரிதாக இல்லை. வலியும் பெரிதாக இல்லை. இதை நான் ஏன் இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன் என்றால், பிற்காலத்தில் அந்த இரத்தத்தை நானே கூட்டிக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நடந்தது வேறு. அந்த நீண்ட கை இன்னொரு தடவை வரும் என்பது தெரிந்த நேரத்தில் எனக்குள் ஏதோ ஒன்று தண்ணீராகிப் போய்விட்டது. மூலைக்கு வந்து முக்காலியில் குந்தினேன். சேர் துவாயால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எப்படி?” என்றார்.

“ஏலாது சேர்.”

அவர் என் கண்ணைப் பார்த்தார். என்ன கண்டார் என்று எனக்குத் தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவரிடம் போனார். பிள்ளையின் மூக்கு சரியில்லை, நான் நிறுத்துகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். நான் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மற்றப் பிள்ளைகளுக்கும் அதையே சொன்னார். இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தபோது வாப்பா விசாரித்தார். “அவன் நின்டிருப்பான், நான்தான் விடல்ல” என்றார் சேர். நான் சீனிச் சாக்குக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்றிலிருந்து வாப்பாவின் அலிக் கதைகளோடு இன்னொரு கதையும் சேர்ந்தது. மூக்கால் இரத்தம் ஓட ஓட விடமாட்டேன் என்று நின்ற மகன், வலிந்து நிறுத்திய வாத்தியார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். என் கலியாணத்திலும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சேர் மர்ஹூமாகி முப்பது வருடத்துக்கு மேல். வாப்பா அந்தக் கதையோடேயே போனார்.

மடிசன் ஸ்குவயார் கார்டனில் ஹன்ட்டர் என்ன கேட்டார், கான் என்ன சொன்னார் என்பதைப் பற்றிப் போட்டி முடிந்தபின் நிறையப் பேச்சு நடந்தது. தான் ஒருபோதும் கைவிடுகிறவன் அல்ல என்று கான் சொன்னார். நிறுத்தும் முடிவு தன்னுடையது என்று ஹன்ட்டர் சொன்னார். இருவரையும் யாரும் நம்பவில்லை. எனக்கும் என்னுடைய எண்ணம் ஒன்று இருக்கிறது. அன்றிரவு கான் தோற்றுக் கொண்டிருந்தார், முதல் சுற்றிலேயே விழுந்திருந்தார், முன்னால் இருந்தவர் அந்நேரம் உலகத்திலேயே மிகத் திறமையானவர்களில் ஒருவர். விதி திறந்துவிட்ட கதவு ஒன்று தெரிந்தது, அதால் வெளியே போனார். இதை நான் இன்னும் நம்புகிறேன். ஆனால் அதிலிருந்து அவன் கோழை என்ற இடத்துக்குப் போகும் வழி எனக்கு இப்போது தெரிவதில்லை. மைதானாவின் பத்தாவது சுற்றில் அதைவிடப் பெரிய கதவு திறந்து கிடந்தது. அன்று அவர் போகவில்லை. ஒரு பயிற்றுவிப்பாளர் இப்படியான நேரத்தில் எதைத் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறார் என்பது மட்டும் எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

ஒன்றை ஒன்றோடு ஒப்பிடவும் வரவில்லை. அவர் சின்ன வயதிலிருந்து அடிபட்டு, விழுந்து, எழும்பி அந்த மூலைக்கு வந்தவர். நான் இரண்டு சுற்று.

*

2022 பெப்ரவரி 19ஆம் திகதி இரவு மன்செஸ்டரில் கானும் கெல் புரூக்கும் மோதினார்கள். பத்து வருடத்துக்கு முன்னரே நடந்திருக்க வேண்டிய போட்டி. இருவருக்கும் முப்பத்தைந்து வயது. எங்களுக்கு அது சுபஹுக்கு முந்திய நேரம். மருமகன் வீட்டுக்கு வந்திருந்தான், அவனுடைய தொலைபேசியைத் தண்ணீர்க் கோப்பையில் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.

முதல் சுற்றிலேயே கானின் கால்கள் பழையபடி தளர்ந்தன. எல்லாம் வேகமாக நடந்தது. சுற்றுக்குச் சுற்று புரூக் அவரை அடித்தார். ஆனால் அன்று அவர் விழவில்லை, முழங்காலில் இருக்கவில்லை, எந்தப் பக்கமும் திரும்பி நடக்கவில்லை. ஆறாவது சுற்றில் நடுவர் வந்து கட்டிப்பிடிக்கும்போதும் நின்றபடிதான் இருந்தார். மே மாதம் ஓய்வை அறிவித்தார். அடுத்த வருடம், அந்தப் போட்டிக்குப் பின் எடுத்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாக இரண்டு வருடத் தடை வந்தது. வேண்டுமென்று எடுக்கவில்லை என்பதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டாலும் தடை தடைதான். இதையும் எழுதாவிட்டால் நான் இன்னும் அலிப் படம் ஒட்டுகிற ஆளாகவே இருப்பேன்.

“இன்டக்கி விடல்ல மாமா” என்றான் மருமகன்.

“விடல்ல” என்றேன்.

அவன் தொலைபேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். அந்த நேரத்தில் ஏன் சொன்னேன் என்று தெரியாது. பள்ளிக்குப் போக இன்னும் நேரமிருந்தது, வீட்டில் மற்றவர்கள் எழும்பவில்லை. 1976ஐ முழுதாகச் சொன்னேன். முக்காலி, துவாய், நான் சொன்ன அந்த இரண்டு சொற்கள், சேர் நடுவரிடம் சொன்னது, சீனிச் சாக்கு எல்லாம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். சின்ன வயதிலிருந்து அவனும் அந்தக் கதையை மற்றப் பக்கமாகவே கேட்டு வளர்ந்தவன்.

“அப்பாக்குத் தெரியுமா?” என்றான். எங்கள் வாப்பாவைத்தான் கேட்டான்.

“இல்லை” என்றேன்.

வெளியே பாங்கு சொல்லத் தொடங்கியது. அவன் எழும்பி, கோப்பையிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, எனக்கும் ஊற்றி வைத்தான்.